தேதி சொல்லிவிட்டு வரும் அணு உலை ஆய்வால் என்ன பயன்?

கேள்வி: கூடங்குளம், கல்பாக்கம் மாதிரி அணுமின் நிலையங்களுக்கு ஆய்வுக் குழு பெரும்பாலும் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் வருகிறதாம். அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட மாட்டார்களா?

சிலவற்றைச் சரிசெய்துவிடலாம். முக்கியமானவற்றைச் செய்ய முடியாது.

நான் அணு உலையில் வேலை பார்த்தவன் இல்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறேன். ஆனால் கூடங்குளத்தை ஆய்வு செய்கிற அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் எங்கள் எக்ஸ்ரே அறைக்கும் உரிமம் தருகிறது. 1983இல் அமைக்கப்பட்ட வாரியம் அது. அணு உலைக்கும் எக்ஸ்ரே மெஷினுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்றாலும் ஆய்வின் அடிப்படை ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தேதி தெரிந்தால் தரையைக் கழுவலாம், எச்சரிக்கை விளக்கை மாற்றலாம், கிழிந்த ஈய ஏப்ரனைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கலாம். சுவரை என்ன செய்வது? சாதாரண எக்ஸ்ரே அறைக்குக் குறைந்தது 23 சென்டிமீட்டர் செங்கல் சுவரோ அதற்கு ஈடான தடுப்போ வேண்டும். கதவில் 1.7 மில்லிமீட்டர் ஈயத் தகடு வேண்டும். நீலகிரியில் இது சமவெளியைவிடச் சிக்கலான விஷயம். இங்கே பல கிளினிக்குகள் பழைய பங்களாக்களிலும் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய கட்டடங்களிலும் நடக்கின்றன. அறையின் ஒரு பக்கம் வெட்டிய மண் இருக்கும். அந்தப் பக்கம் நெஞ்சு எக்ஸ்ரே ஸ்டாண்டை வைத்தால் கவலையே இல்லை. எதிர்ப்பக்கம் வைத்தால், கதிர் நேராகப் போய் விழும் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சமையலறை இருக்கலாம். படுக்க வைத்து எடுக்கும்போது கதிர் கீழ்நோக்கிப் போகிறது. தரைத்தளத்தில் என்றால் அது மண்ணுக்குள் போய்விடும். இங்கே ரோட்டு மட்டத்தில் இருக்கும் அறைக்குக் கீழேயும் ஒரு குடும்பம் குடியிருக்கும். எங்கள் அறையைப் பார்க்க வந்தவர் மெஷின் பக்கம் போகவே இல்லை. "கீழே என்ன இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது, நாங்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜ், அதாவது எங்கள்மேல் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் சின்ன அட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போகும். அளப்பவர் வேறொருவர், கணக்கு எங்கள் கையில் இல்லை. ஐந்து ஆண்டுச் சராசரி வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டை (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. கூடவே கதிர் படாத இடத்தில் ஒரு கன்ட்ரோல் பேட்ஜும் வைப்போம். இந்த உயரத்தில் காஸ்மிக் கதிர் சமவெளியைவிட அதிகம், இயற்கையாகச் சேரும் அந்த அளவைக் கழிக்க அது வேண்டும். ஆய்வு நாளன்று நாம் எவ்வளவு பவ்யமாக நின்றாலும் போன மூன்று மாதக் கணக்கு மாறப்போவதில்லை.

அணுமின் நிலையத்திலும் இப்படித்தான். அவசர டீசல் ஜெனரேட்டரைக் குறித்த இடைவெளியில் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். கோளாறு நடந்தால் வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழு மறு ஆய்வு உண்டு. ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டையும் பராமரிப்புப் பதிவேட்டையும் ஊழியர்களின் கதிர்வீச்சுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் பொய் எழுதுவது எளிது, எல்லாவற்றையும் பொருந்தவைப்பது கஷ்டம். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த, உலையில் பயன்படும் கனநீரை யாரோ கலந்துவிட்டார்கள். அது வெளிவந்தது ஊழியர்களுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில்.

அதற்காகத் திடீர்ச் சோதனை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் வேண்டும். பேட்ஜ் அலமாரியிலேயே தொங்குகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் நிரம்பி வழியும் சென்டரில் எல்லோருடைய கணக்கும் வருடக்கணக்கில் பூஜ்ஜியமாகவே வந்தால் எனக்கு அது நல்ல செய்தியாகத் தெரியாது. கதவைத் திறந்துபோட்டு எக்ஸ்ரே எடுக்கும் பழக்கமும் சொல்லாமல் வந்தால்தான் கண்ணில் படும்.

தேதியைவிட எனக்குப் பெரிய கவலை இரண்டு. ஒன்று, ஆய்வே எட்டாத இடங்கள். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 5,270 மட்டுமே பதிவாகியிருந்தன என்றது. படித்தபோது பதறிப்போனேன். இன்னொன்று, வாரியத்தின் சுதந்திரம். நிலையத்தை நடத்துபவரையும் கண்காணிப்பவரையும் சட்டப்படி தெளிவாகப் பிரிக்க வேண்டும் என்று 2015இல் சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும் பரிந்துரைத்தது. கூடங்குளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் தேதியோடு நிறுத்தாமல் இதையும் விடாமல் கேட்க வேண்டும்.

அப்புறம், மலையில் இருப்பவர்களுக்கு: உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலோ மேலேயோ ஒரு எக்ஸ்ரே அறை இருந்தால், உள்ளே போய் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்ட் எந்தச் சுவரில் இருக்கிறது, தரைக்கு என்ன தடுப்பு என்றும் கேளுங்கள். முறையாக நடத்துகிறவர் வரைபடத்தையே எடுத்துக் காட்டுவார்.