கையால் போடும் கணக்கு

வணக்கம் ஐயா,

நான் இங்கே பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேசிய சேவை முடித்துவிட்டு விருப்பப்பட்டுத்தான் சேர்ந்தேன். இப்போது சாயில் மெக்கானிக்ஸ், அதாவது மண்ணின் பலத்தையும் நடத்தையையும் பற்றிய பாடம், என்னைப் படுத்தி எடுக்கிறது. கம்ப்யூட்டர் சில நிமிடத்தில் தரும் விடைக்கு இரவு முழுக்க உட்கார்ந்து கையால் கணக்குப் போடுகிறோம். தொடக்கக் கல்லூரி நண்பர்கள் பலர் கம்ப்யூட்டர் சயின்ஸில் இருக்கிறார்கள். பெரியப்பாவோ, "சிங்கப்பூரில் கட்ட வேண்டியதை எல்லாம் கட்டியாச்சே, உனக்கு என்ன வேலை மிச்சம் இருக்கும்?" என்கிறார். பல வருடம் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். வேறு துறைக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

பெரியப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். துவாஸ் துறைமுகம், சாங்கி ஐந்தாம் முனையம், குறுக்குத் தீவு ரயில் பாதை என்று வேலை வரிசையாக இருக்கிறது. கட்டி முடித்தவற்றையும் அப்படியே விட்டுவிட முடியாது. இங்கே குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் ஒருவர் சோதித்தாக வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டம் வந்த கதைதான் நீங்கள் கையால் போடும் கணக்குக்கும் பதில். சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகலில் அங்கே நின்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ஹோட்டல் நியூ வேர்ல்ட். 33 பேர் இறந்தார்கள். அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் ஓடிவந்து இடிபாடுகளுக்குள் குடைந்து வழி செய்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்க முடிந்தது. விசாரணையில் தெரியவந்த காரணம் இன்றும் என் நெஞ்சை அடைக்கிறது. வடிவமைத்தபோது உள்ளே வரும் ஆட்களின், சாமான்களின் எடையைக் கணக்கில் எடுத்தவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,500 கிலோ. 150 மில்லிமீட்டர் தடிமன் ஸ்லாப் (மாடியின் கான்கிரீட் தளம்) என்றால் சதுர மீட்டருக்கு 375 கிலோ. ஹோட்டல் அறையில் ஆட்களுக்கும் கட்டில் மேசைக்கும் நாம் வைப்பது சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. ஸ்லாப் மட்டுமே அதைப்போல இரண்டு மடங்கை நெருங்குகிறது; பீம், தூண், சுவர், பூச்சு எதுவும் இன்னும் சேரவில்லை. எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்தால், 6 மீட்டருக்கு 6 மீட்டர் பரப்பைத் தாங்கும் தூண் ஆறு மாடிக்கு 200 டன்னுக்கு மேல் சுமக்கிறது. இந்தக் கணக்கு மனதில் ஊறிப்போனவருக்கு, கம்ப்யூட்டர் 80 டன் என்று காட்டினால் உடனே உறுத்தும். அந்த உறுத்தல் வரத்தான் இரவு முழுக்க உட்கார வைக்கிறார்கள்.

சாயில் மெக்கானிக்ஸைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவே ஓரம், வட்ட ரயில் பாதைக்காக சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டிய குழி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் கணக்கு இருந்தது. ஆனால் அதில் மண்ணுக்கு எடுத்துக்கொண்ட கணித மாதிரி, அந்தக் களிமண்ணுக்கு இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டியது. குழியின் குறுக்கே முட்டுக்கொடுத்த இரும்பு ஸ்ட்ரட்டுகளின் இணைப்பும் பலம் போதாமல் இருந்தது. குழியின் பக்கச் சுவர் கணக்கில் சொன்னதைவிட அதிகமாக வளைவதை அளவுகள் முன்பே காட்டிக்கொண்டிருந்தன.

லேபில் 80 கிராம் கூம்பை மண்ணில் ஐந்து விநாடி இறங்கவிட்டு, 20 மில்லிமீட்டர் இறங்கும்போது ஈரம் எவ்வளவு என்று பார்ப்பீர்களே, மண் குழம்பாக மாறத் தொடங்கும் ஈர எல்லை அதுதான். அலுப்பான வேலைதான். ஆனால் நம் கடலோரக் களிமண்ணில் பல இடங்களில் இயற்கையாக இருக்கும் ஈரமே அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. கிண்ணத்தில் குழைந்து கிடக்கும் அதே மண்ணில்தான் நாம் ரயில் விடுகிறோம். அடுத்த முறை அதை விரலால் அழுத்திப் பாருங்கள். மென்பொருளில் மண்ணின் பலத்தை டைப் செய்யும்போது அந்த விரல் ஞாபகம் வர வேண்டும்.

சம்பளம்? தொடக்கத்தில் உங்கள் நண்பர்கள் கூடுதலாகத்தான் வாங்குவார்கள். பட்டத்துக்குப் பிறகு குறைந்தது நான்கு ஆண்டு அனுபவமும் தேர்வுகளும் முடித்தால்தான் பதிவு பெற்ற பொறியாளராகக் கையெழுத்துப் போட முடியும். பொறுமை வேண்டும். அது உங்களுக்கு ஒத்துவராது என்று தோன்றினால் மாறுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் சாயில் மெக்கானிக்ஸ் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். அது எல்லோருக்கும் கஷ்டம்தான். மொத்த அழுத்தம், நீர் அழுத்தம், மண் துகள்கள் தாங்கும் அழுத்தம் மூன்றும் பிடிபட்டால் பாதிப் பாடம் பிடிபட்டுவிடும்.

அப்புறம், வரும் விடுமுறையில் இன்டர்ன்ஷிப்புக்கு ஏசி அலுவலகம் கிடைத்தாலும் சைட் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து கம்பி கட்டும் அண்ணன்கள் இருப்பார்கள். வரைபடத்தைக் காட்டி, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவியைப் பற்றி, "இந்தக் கம்பிகளுக்கு நடுவில் வைப்ரேட்டர் இறங்குமாண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டபின் துறை மாறுவதைப் பற்றி முடிவெடுங்கள், எனக்கும் எழுதுங்கள்.