பட்டுப்புடவையை வெட்டிக் கெடுத்த தையற்கடை: வழக்குப் போடலாமா?

கேள்வி: மகளின் திருமண வரவேற்புக்காக, மறைந்த என் அம்மாவின் காஞ்சிபுரம் பட்டுப்புடவையைச் சென்னையில் ஒரு தையற்கடையில் கொடுத்துப் பாவாடையும் ரவிக்கையும் தைக்கச் சொன்னேன். முந்தானையைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். அளவு ரவிக்கை கொடுத்திருந்தும் மகளுக்குக் கை ஏறவில்லை. கேட்டால் கடைக்காரர் எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசினார். இப்போது கூலி 8,500 ரூபாயைத் திருப்பித் தந்து, மேலே 15,000 தருகிறாராம். அம்மாவின் நினைவுக்கு இதுவா விலை? 5 லட்சம் கேட்டு வழக்குப் போட எண்ணுகிறேன். தெரிந்த தையற்காரர் பிரித்துச் சரிசெய்வதாகச் சொல்கிறார்; அடுத்த வாரம் கொடுக்கிறேன். - வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள்.

அவர் பேசிய பேச்சுக்கு மனுவில் இரண்டு வரி போதும். கூலி வாங்கித் தைப்பது சேவை, கேட்டபடி தைக்காதது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இதிலெல்லாம் தகராறு வராது.

தகராறு வருவது, கடையிலிருந்து வந்தபோது உடை எப்படி இருந்தது என்பதில்தான். என் கட்சிக்காரர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒரு கையில் நோட்டீஸ் அனுப்புவார்கள். மறு கையால் உடையை வேறு தையற்காரரிடம் நீட்டுவார்கள். 'நாங்கள் சரியாகத்தான் தந்தோம், கெடுத்தது அடுத்தவர்' என்று எதிர்த்தரப்பு பதிலுரை போட்டுவிடும். பட்டில் ஊசி போன துளை மறையாது. பிரித்துத் தைத்தால் இரண்டு வரிசைத் துளை நிற்கும். எது யார் போட்டது என்று சத்தியப் பிரமாணம் செய்து சொல்ல ஆள் கிடைக்காது. உள்ளே மடித்து விட்டிருக்கும் துணியையும் நறுக்கிவிட்டால், முதலில் என்ன அளவுக்கு வெட்டினார்கள் என்பதே அழிந்துவிடும்.

அளவு ரவிக்கையைப் புதிய ரவிக்கைமேல் விரித்து, அக்குளிலும் கைச்சுற்றிலும் டேப் வைத்துப் படம் எடுங்கள். வெட்டுத் துண்டுகள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் அதே போன், எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். கடைக்காரர் 'கொண்டுவாருங்கள், நானே சரிசெய்து தருகிறேன்' என்று குழைந்தாலும் உடை உங்கள் வீட்டைத் தாண்டக்கூடாது.

அப்படியும் ரவிக்கை விஷயம்தான் உறுதியாக நிற்கும். முந்தானையில் கத்தரி படக்கூடாது என்று எழுத்தில் சொன்னீர்களா? வாய்ச்சொல்தான் என்றால், பாவாடைக்குத் துணி போதவில்லை, கேட்டுத்தான் வெட்டினோம் என்பார். நீங்கள் இல்லை என்பீர்கள்.

அடுத்தது தொகை. அம்மா கட்டிய புடவைக்கு ரசீது இருக்கப்போவதில்லை. அதே மாதிரிப் புடவைக்கு இன்றைய விலைப்பட்டியல் வாங்கி வைத்தாலும், பழையது என்று கழிப்பார்கள். நினைவுக்கு எந்தப் பிரிவிலும் விலை கிடையாது. இப்படிப்பட்ட வழக்குகளில் மன உளைச்சலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆயிரங்களில்தான். அதையும் எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அவர் மேல்முறையீடு போகலாம்.

ஆகவே பேசி முடியுங்கள். 40,000 கேளுங்கள், கூலியோடு சேர்த்து 30,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தானாக முன்வந்திருக்கும்போதே பேசுவது நல்லது. நோட்டீஸ் கைக்குப் போனால் அவரும் ஒரு வக்கீலைப் பிடிப்பார், பேச்சு நின்றுவிடும்.

தவணை வேண்டாம். சிலர் 5,000 ரூபாயை அனுப்பிவிட்டு 'கணக்கு முடிந்தது' என்று ஒரு செய்தி தட்டுவார்கள்; நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் 'சரி' என்று பதில் போட்டுவிடுவார்கள். அந்த 'சரி'யை எதிர்த்தரப்பு முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யும். முழுத்தொகையும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே எதிலும் கையெழுத்துப் போடுங்கள்.