கோட்டையில் ஆள் இருக்கிறது என்பவருக்கு மூன்று லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: கொடைக்கானலில் சிறு விடுதி, ஹோம்ஸ்டே, டாக்ஸி நடத்தும் 46 பேர் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறோம். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சீசன் வருமானம் பலமாக அடி வாங்கிவிட்டது. ஜிஎஸ்டி, வெள்ளை போர்டு வண்டிகள், பார்க்கிங், கழிப்பறை என்று மொத்தம் பதினொரு கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறோம். சென்னையிலிருந்து வந்த ஒருவர், "கோட்டையில் எனக்கு ஆள் இருக்கிறது, சட்டமன்றத்தில் பேச வைக்கிறேன், மூன்று லட்சம் ஆகும்" என்கிறார். உறுப்பினர்களில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
— சங்கச் செயலாளர், கொடைக்கானல்

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்றோ, டீ செலவு என்றோ பத்தாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்.

சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது. கொடைக்கானல் பழனி தொகுதிக்குள் வருகிறது. உங்கள் எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதியில் அலுவலகம் இருக்கிறது, சென்னையில் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் அறை இருக்கிறது. 46 குடும்பங்களின் ஓட்டு உங்கள் கையில் இருக்கும்போது நடுவில் ஒருவர் எதற்கு?

பதினெட்டு வருடமாகச் சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். உங்களிடம் வந்தவரைப் போன்றவர்கள் எல்லா மலை ஊருக்கும், எல்லாக் கோயில் ஊருக்கும் வருகிறார்கள். விசிட்டிங் கார்டில் சிங்க முத்திரை இருக்கும். அரசுச் சின்னத்தை அப்படி அச்சிட்டுக்கொள்வதே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. கார்டில் அந்த முத்திரையைப் பார்த்தாலே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அடுத்து போனைத் திறந்து, அமைச்சர்களோடு நிற்கும் படங்களைக் காட்டுவார். அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்த வரிசையில் நிற்கும் எவருக்கும் அப்படி ஒரு படம் கிடைக்கும். இன்னொரு வகையினர் "மாநிலக் கூட்டமைப்பு" என்று பெயர் வைத்துக்கொண்டு சந்தா வசூலிப்பார்கள், வருடக் கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு "சிறந்த சுற்றுலா தொழில்முனைவோர்" விருது கொடுப்பார்கள். அந்தக் கேடயத்தை ரிசப்ஷனில் வைத்தால் ஓர் அறைகூடக் கூடுதலாக நிரம்பாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான், ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஊழல் வழியில் அரசு ஊழியரைச் சரிக்கட்டுகிறேன் என்று பணம் வாங்குகிற தரகருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. சங்கத்துப் பணத்தில் கொடுத்துவிட்டு, ஆடிட்டரிடம் அந்த மூன்று லட்சத்துக்கு என்ன கணக்கு எழுதச் சொல்வீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் அதை "பயணச் செலவு" என்று எழுதியது. அடுத்த பொதுக்குழுவில் சண்டை வந்து சங்கமே இரண்டாக உடைந்தது. கோரிக்கையைப் பற்றி அதற்குப் பிறகு அங்கே யாரும் பேசவில்லை.

சரி, பணம் கொடுக்காமல் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள்.

முதலில் அந்தப் பதினொரு கோரிக்கைப் பட்டியலைத் தூர வையுங்கள். காலை எட்டு மணிக்கு எம்.எல்.ஏ. விடுதியில் ஓர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பி.ஏ.வின் மேசையில் ஒரு பக்கம் பொன்னாடைகள், மறுபக்கம் மனுக்கள். ஒவ்வொரு மனுவையும் எடுத்து முதல் பத்தியைப் பார்ப்பார், "எந்தத் துறை?" என்று கேட்பார். எனக்கு முன்னால் இருந்தவர் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில், சுருள் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "எல்லாத் துறையும்தான் சார்" என்றார். பி.ஏ. அதை மரியாதையாக வாங்கி அடியில் வைத்தார். அடியில் போனதை யாரும் எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு துறைக்குத்தான் அவரால் கவரிங் லெட்டர் போட முடியும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி நகராட்சியிடம் இருக்கிறது. பிரையண்ட் பூங்கா தோட்டக்கலைத் துறைக்குச் சொந்தம். தூண் பாறையும் பைன் காடும் வனத்துறையின் கையில். வத்தலக்குண்டு மலைப்பாதையை நெடுஞ்சாலைத் துறை பார்க்கிறது. வெள்ளை போர்டு வண்டி போக்குவரத்துத் துறையின் விஷயம். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இலிருந்து இருக்கிறது, அதன் கையில் உங்கள் ஊரில் இருப்பது ஓட்டலும் படகுத்துறையும். ஆனால் வருகிற எல்லா மனுவும் "மாண்புமிகு சுற்றுலாத் துறை அமைச்சர் அவர்களுக்கு" என்றே தொடங்குகிறது. அது சுற்றுலாத் துறைக்குப் போய், அங்கிருந்து வனத்துறைக்குப் போய், அங்கிருந்து மாவட்ட ஆட்சியருக்கு வந்து, கடைசியில் "அறிக்கை தருக" என்ற குறிப்போடு, நீங்கள் முதல் நாள் பார்த்த அதே உள்ளூர் அலுவலரின் மேசைக்கே திரும்புகிறது. இதற்கு ஒரு வருடம். சுற்றுலா என்றால் வேலைவாய்ப்பு, வருமானம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், ஆனால் அந்தத் தொழில் செய்பவன் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஒற்றை மேசையை இத்தனை வருடத்தில் யாரும் போடவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

உங்கள் பட்டியலிலிருந்து ஜிஎஸ்டியை உடனே அடித்துவிடுங்கள். அது சட்டமன்றத்தில் முடிவாகிற விஷயமே இல்லை, ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானதும் அங்கேதான். அந்த வரியைத் தான் குறைத்துத் தருவதாக எந்தத் தரகராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார். வெள்ளை போர்டுக்கும் புதிய சட்டம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை இருக்கிற சட்டப்படியே வாடகைக்கு ஓட்டக் கூடாது. வண்டி எண், தேதி, படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

இனி இ-பாஸுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதுதான் முதல் கோரிக்கை, நிதானமாகப் படியுங்கள். இதில்தான் எல்லாச் சங்கமும் சறுக்குகிறது.

இ-பாஸ் அரசு தானாகக் கொண்டுவந்த உத்தரவு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. அப்புறம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கையும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஐஐடி மெட்ராசும் ஐஐஎம் பெங்களூரும் ஆராய வேண்டும் என்பதும் நீதிமன்றம் சொன்னதுதான். நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கடையை அடைத்ததால் நீதிமன்ற உத்தரவு மாறாது, எம்.எல்.ஏ.வாலும் அதை மாற்ற முடியாது. வழக்கில் இருக்கும் பொருளைப் பேரவையில் விவாதிக்க விதிகள் இடம் கொடுப்பதில்லை. பேரவையின் மனுக்கள் குழுவும் அதை எடுத்துக்கொள்ளாது. "இ-பாஸை ரத்து செய்க" என்று நீங்கள் தொடங்கினால், அந்த ஒரு வரிக்காகவே மொத்த மனுவும் ஓரம் கட்டப்படும்.

இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், அது தவறு. நீதிமன்றம் கட்டுப்படுத்தியிருப்பது எத்தனை வண்டி வரலாம் என்பதை. அந்த வண்டியை நிறுத்தும் இடம், சோதனைச் சாவடியில் காத்திருக்கும் நேரம், வண்டியைக் கீழே விட்டுவிட்டு வருகிறவரை மேலே கூட்டிவரும் பேருந்து, அந்தப் பேருந்து கடைசியாகப் புறப்படும் மணி, வழியில் கழிப்பறை, இவற்றை நீதிமன்றம் தடுக்கவில்லை. இவற்றைச் செய்து தர வேண்டியது அரசுதான். இவற்றைப் பேரவையில் பேசலாம், மனுக்கள் குழுவிலும் கேட்கலாம். வத்தலக்குண்டில் வண்டிகளை நிறுத்தப் பெரிய இடமும், அங்கிருந்து அரை மணிக்கு ஒரு மினி பஸ்ஸும் வந்தால், வண்டி எண்ணிக்கை கூடாமலே உங்கள் அறைகளுக்கு ஆள் வருவார்கள். இதே கோரிக்கையை "இ-பாஸ் பாதிப்பு" என்று தலைப்பிட்டால் வழக்குப் பொருள் என்று திருப்பி அனுப்புவார்கள், "வத்தலக்குண்டு–கொடைக்கானல் மினி பஸ்" என்று தலைப்பிட்டால் எடுத்துக்கொள்வார்கள். விஷயம் ஒன்று, தலைப்பு வேறு, முடிவும் வேறு. எண்ணிக்கையையே எதிர்க்க வேண்டும் என்றால், ஒரு வழக்கறிஞரை வைத்து உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி அந்த வழக்கில் இடையீட்டு மனு போடுங்கள். தரகருக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே செலவழித்தால் அதற்கு ரசீதாவது இருக்கும்.

மனுக்கள் குழு என்று சொன்னேனே, அதைப் பற்றித் தெரியாமலே பலர் தரகரிடம் போகிறார்கள். குழு மாவட்டம் மாவட்டமாக வருகிறது, வருவதற்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். மனு தமிழில் மட்டும் இருக்க வேண்டும், ஐந்து நகல், தேதியோடு கையெழுத்து. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக. தனிநபர் குறை, வேலை, கடன், பட்டா, பணி மாறுதல் கேட்கக் கூடாது. தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்று அனுப்பினால் போதும், இதற்குச் சிபாரிசு வேண்டியதில்லை.

எம்.எல்.ஏ.விடம் போகும்போது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். "ஆவன செய்யவும்" என்று முடிக்காதீர்கள். பேரவையில் வினா எழுப்பலாம், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் பதில் கேட்டுக் கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம், ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். இந்த மூன்றில் எது என்று குறிப்பிட்டு, அவர் அப்படியே வாசிக்கக்கூடிய நான்கு வரியைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். கழிப்பறை, நிழற்குடை போன்றவற்றுக்கு அவரிடமே தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினர்களிடமும் அதே தாளைக் கொடுங்கள். சங்கத்துக்குக் கட்சிக் கொடி வேண்டாம்.

நேரம் முக்கியம். மானியக் கோரிக்கை நாளன்று கோட்டை வாசலில் நிற்பதில் பயனில்லை. துறை என்ன செய்யப்போகிறது என்று சொல்லும் கொள்கை விளக்கக் குறிப்பு அன்று அச்சாகி வந்திருக்கும். பட்ஜெட்டுக்கான கணக்கைத் துறைகள் அதற்கு மாதங்களுக்கு முன்பே நிதித் துறைக்கு அனுப்பத் தொடங்கிவிடும். தீபாவளி முடிந்த கையோடு போங்கள். தேர்தல் வருடம் என்றால் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களையும் பாருங்கள்.

கையில் உங்கள் சொந்தக் கணக்கு இருக்கட்டும். "பல்லாயிரம் குடும்பங்கள் பாதிப்பு" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 46 பேரின் தங்குவோர் பதிவேடும் உங்களிடம்தானே இருக்கிறது? போன மே மாதம் எத்தனை அறை எத்தனை இரவு நிரம்பியது, அதற்கு முந்தைய மே மாதம் எத்தனை, எத்தனை பேரை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, 46 கையெழுத்தும் வாங்குங்கள். பதிவேட்டில் வராத வாடகையை இதில் சேர்க்காதீர்கள். அலுவலர்கள் முதலில் அதைத்தான் சரிபார்ப்பார்கள். அதோடு, சங்கத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா, ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் தாக்கல் செய்யாத ஒரு சங்கம் அமைச்சர் முன் உட்கார்ந்தபோது, எதிர்த்தரப்பு அந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே அவர்களை வாயடைக்க வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மனு கொடுத்த பிறகு முதல்வரின் முகவரி தளத்திலும் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் சொல்லியாக வேண்டும். பேரவையில் அமைச்சர் எழுந்து "செய்து தரப்படும்" என்று சொல்லிவிட்டால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அப்படிச் சொன்னவற்றைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்தத் தேதியைப் போட்டு அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்.

இந்த வாரம் செயற்குழுவைக் கூட்டி, சென்னைக்காரருக்குப் பணம் இல்லை என்று தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். பாதிப் பேர் கொடுக்கலாம் என்கிறார்கள் என்றீர்களே, அவர்களும் அதில் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் அந்தப் பதினொன்றிலிருந்து மினி பஸ்ஸை மட்டும் எடுத்து, போக்குவரத்துத் துறைக்கு ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன், அதற்கும் பணம் வேண்டாம்.