அழாத பிள்ளைக்கு வலி இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்குத் தொடை எலும்பில் புற்றுநோய். நுரையீரலுக்கும் பரவிவிட்டதால், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மார்ஃபின் சிரப் கொடுத்து அனுப்பினார்கள். வாரம் இரண்டு முறை நர்ஸ் வருகிறார். அந்த மருந்து மூச்சை நிறுத்திவிடும் என்று என் கணவர் யூடியூபில் பார்த்ததிலிருந்து ராத்திரி டோஸை விட்டுவிட்டோம். ரொம்ப முடியாதபோது மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக் அரை மாத்திரை கொடுக்கிறேன். இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை, அசையாமல் அமைதியாகப் படுத்திருக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை, குளுக்கோஸ் ஏற்றலாமா? சேமியா ஐஸ் கேட்கிறாள், சளி பிடிக்காதா?
– பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்

பதில்: கடிதத்தில் வேறு எதுவும் என்னை இவ்வளவு உறுத்தவில்லை அம்மா, ‘அமைதியாக’ என்ற அந்த ஒரு சொல்தான்.

வலி புதிதாக வந்தால் பிள்ளை கத்தும். அதே வலி நாள்கணக்கில் நின்றுவிட்டால் கத்துவதற்குத் தெம்பு இருக்காது. அசைந்தால் வலிக்கும் என்று உடம்பு தெரிந்துகொண்டு மரக்கட்டை மாதிரி கிடக்கும். பார்க்கிறவர்கள் பிள்ளை தேறிவிட்டது என்று நினைப்பார்கள். இன்றைக்குப் போர்வையை மாற்றும்போது அவள் முகத்தை மட்டும் பாருங்கள். புருவங்களுக்கு நடுவில் கோடு விழுகிறதா, தலையணை உறையின் நுனியைப் பிடித்துக்கொள்கிறாளா, நீங்கள் காலைத் தொடும் முன்பே தோள் விறைக்கிறதா? செல்போனைக்கூட இப்போது கேட்பதில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் வலி அடங்கவில்லை என்றுதான் அர்த்தம். நர்ஸ் வரும் நாள்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே போன் செய்யுங்கள். ராத்திரி டோஸை நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

இப்படி அசையாமல் கிடந்த ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். மருந்து நேரத்துக்கு விழ ஆரம்பித்த மூன்றாம் நாள், டிவி ரிமோட்டுக்காக அக்காவோடு சண்டை போட்டான். அவன் அம்மா அழுதுகொண்டே போன் செய்தார்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. என் கையால் ஊற்றிய மருந்தில் அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்பதுதானே? எடைக்கும் வலிக்கும் தகுந்தபடி சிறிய அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டிய மார்ஃபின் திடீரென்று மூச்சை நிறுத்தாது. அளவு மிஞ்சினால் முதலில் தூக்கம்தான் கூடும். தொட்டு எழுப்பினால் கண் திறந்து உங்களைப் பார்க்கிறாளா, பயம் வேண்டாம். எழுப்பவே முடியவில்லை, மூச்சும் வழக்கத்தைவிட மெதுவாகிவிட்டது என்றால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதிகமாகத் தூங்குவாள். பல ராத்திரி தூங்காத பிள்ளை, தூங்கட்டும். இன்னொன்று, நுரையீரலில் நோய் பரவி மூச்சு வாங்கும்போது அதைத் தணிக்கவும் நாங்கள் கொடுப்பது இதே மார்ஃபினைத்தான். யூடியூப் டாக்டர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சிரப்பின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ராத்திரி டோஸை விட்டால் விடியற்காலை வலி உச்சத்தில் நிற்கும், அதை இறக்கவே பாதிப் பகல் போய்விடும். அதனால் எழுதிக் கொடுத்த நேரப்படி இன்று ராத்திரியே கொடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். ஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் ஓரமாக விடுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்குக் கொடுத்த சிரப்பையும் நிறுத்தக் கூடாது. அடிமையாகிவிடுவாளோ என்ற கவலையை உங்கள் கணவர் விட்டுவிடலாம், வலிக்காகக் கொடுக்கும் மருந்து வேறு, போதை வேறு. இந்த மருந்துக்காகக் குடும்பங்கள் அலைந்த காலம் ஒன்று இருந்தது. போதைப்பொருள் சட்டத்தை 2014ல் திருத்திய பிறகுதான் மருத்துவமனைகளுக்கு உரிமம் வாங்கும் சிக்கல் குறைந்தது. அப்படிக் கைக்கு வந்ததை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கடையில் டைக்ளோஃபினாக் வாங்குகிறீர்கள்! கீமோ ஏறிய உடம்புக்கு அது ரத்தக்கசிவை இழுத்துவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த அட்டையை இப்போதே தூக்கிப் போடுங்கள்.

குளுக்கோஸ் வேண்டாம். அந்தத் தண்ணீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறலைக் கூட்டலாம். பசியில்லாதது நோயின் வேலை, உங்கள் சமையலின் குற்றமில்லை. கேட்டதை, கேட்ட நேரத்தில், இரண்டு வாய் கொடுங்கள். சேமியா ஐஸா? தாராளமாக. சளி பிடிக்காது, காய்ந்த வாய்க்கு இதமாக இருக்கும்.

அப்புறம், ஐப்பசி பிறக்கப் போகிறது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்த பிறகு நம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும். நர்ஸ் அடுத்த முறை வரும்போது, மழைக்கு ரோடு அடைபட்டாலும் சமாளிக்கிற மாதிரி ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மருந்து கேட்டு வையுங்கள். ராத்திரி திடீரென்று வலியோ வலிப்போ வந்தால் எதை எவ்வளவு கொடுப்பது, எந்த நம்பருக்குப் பேசுவது என்பதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பனை விசிறியும் எடுத்து வையுங்கள். கரண்ட் போனால் முகத்துக்கு நேராக மெதுவாக வீசினாலே மூச்சு கொஞ்சம் லேசாகும். அந்த வேலையை அவள் அப்பாவிடம் கொடுங்கள்.