அழகான தளம், ஆளில்லாத கடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். போன வருடம் இணையதளம் போட்டோம். முகப்பில் வீடியோ ஓடும், படங்கள் தானாக நகரும். எல்லோரும் அழகு என்கிறார்கள், ஆர்டர்தான் வரவில்லை. போன் செய்பவர்களும் விலையைத்தான் கேட்கிறார்கள். விலை தளத்திலேயே இருக்கிறதே?
- ஒரு வாசகி, சின்னாளபட்டி

பதில்: இருக்கிறது, சரி. எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். நீங்கள் அனுப்பிய முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். சேலைப் படத்தைத் தொட்டு, உள்ளே போய், 'மேலும் அறிய' என்பதைத் தொட்டு, இரண்டு திரை கீழே இறங்கினால்தான் விலை. அதுவும் வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி. வடிவமைப்பாளர்களுக்கு ரொம்பப் பிடித்த, #777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலே வெள்ளைமேல் 4.48தான் வரும், தேறாது. உங்களுடையது அதைவிட வெளிர். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவுக்கு அது வெறும் வெள்ளைத் திரை.

அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இதைச் செய்து கொடுத்தவர் அலுவலக வைஃபையில், பெரிய திரையில் காட்டியிருப்பார், நீங்களும் அசந்து தலையாட்டியிருப்பீர்கள். உங்கள் வாடிக்கையாளர் கையில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு போனும் மிச்சமிருக்கிற டேட்டாவும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி, அப்புறம் எங்கிருந்து 2.5 விநாடி?

ஆனால் சேலை விற்கிறவர் படத்தில் கஞ்சத்தனம் பண்ணவும் முடியாது. முந்தானை, பார்டர், கிட்டத்தில் அந்தப் புள்ளிகள் எல்லாம் தெரிந்தால்தான் வாங்குகிறவருக்கு மனசு வரும். அதனால் பட்டியலில் 100 கேபி அளவுக்குள் வெப்பி (WebP) என்கிற, எடை குறைந்த பட வடிவத்தில் சிறிய படம், தொட்டால் மட்டும் பெரிய படம் என்று வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரத்தை நிரலிலேயே குறிப்பிடவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் கீழே குதிக்கும், பச்சைச் சேலையைத் தொடப் போனவர் விரல் வேறெதிலோ படும். படத்துக்கு நேர் கீழே விலை, நீளம், பிளவுஸ் துணி உண்டா, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா அச்சடித்ததா என்கிற விவரம். உங்கள் போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், இப்போது அது படத்துக்குள் இருக்கிறது. 'எங்கள் தொலைநோக்கு' பக்கத்தை யாரும் தேடப் போவதில்லை.

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத் தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கும்படி செய்யலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். தானாக ஒலிக்கும் சத்தத்தை 2018 முதல் குரோமே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. தடுக்காவிட்டால் இன்னும் மோசம், ஆபீஸில் வேலை நேரத்தில் மண்டபம் தேடுகிறவரின் நிலைமையை யோசியுங்கள். எத்தனை பேர் உட்காரலாம், ஒரு பந்திக்கு எத்தனை இலை, கார் நிறுத்த இடம், எந்த முகூர்த்தம் காலி, வாடகை எவ்வளவு, இவற்றை மேலே போடுங்கள். நாதஸ்வரத்தைக் கல்யாணத்தன்று வாசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் அறிவிப்புகளை அழகான எழுத்துருவில் செய்து படமாகவே தளத்தில் போடுகிறோம். ஒரு நண்பர் கூடாது என்கிறார்.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நண்பர் சொல்வது சரி. பார்வையற்ற வாசகரின் போனில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் செயலி, எழுத்தைத்தான் ஒழுங்காக வாசிக்கும், உங்கள் போஸ்டரை அல்ல. சின்னத் திரையில் பெரிதாக்கினால் வரி மடங்காது, பாதி வெளியே ஓடும். போஸ்டர் வாட்ஸ்அப்புக்கு இருக்கட்டும். தளத்தில் அதன் கீழே நாள், நேரம், இடம், பேசுகிறவர் பெயர் எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்தவற்றையும் மாற்றிவிடுங்கள், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று, ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் தமிழ் நெரிசலாகத் தெரியும், மேலே கொக்கியும் கீழே சுழியும் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள். முடிந்துபோன கூட்டங்களை முகப்பிலிருந்து எடுத்து ஒரு தனிப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.