கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் 30 யூரோ: அயர்லாந்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஜனவரியில் டப்ளின் வந்து பிப்ரவரியில் கிரெடிட் கார்டு வாங்கியிருக்கிறீர்கள். ஏப்ரல் ஸ்டேட்மெண்டில் ‘கவர்ன்மெண்ட் ஸ்டாம்ப் டியூட்டி’ என்று 30 யூரோ ஏறியிருக்கிறது. ‘வீடோ நிலமோ வாங்காதவனுக்கு எதற்கு ஸ்டாம்ப் டியூட்டி? வேலைக்கு வந்தவர்களுக்குத் தரும் ‘ஸ்டாம்ப் 1’ குடியேற்ற அனுமதியில் இருப்பதால் வந்த கட்டணமா? இல்லை, யாராவது கார்டு நம்பரைத் திருடிவிட்டார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுமே இல்லை, பயப்பட வேண்டாம். குடியேற்றப் பதிவுக்கு உரிய 300 யூரோவை ஐஆர்பி அட்டை எடுக்கும்போதே தனியாகக் கட்டியிருப்பீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் விசாவையோ வேலை அனுமதியையோ இது தொடவே தொடாது.

இந்த நாட்டில் கிரெடிட் கார்டு கணக்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அரசுக்குக் கட்டும் வரி இது. வங்கி அதைப் பிடித்து ரெவென்யூ எனப்படும் வரித்துறையிடம் சேர்த்துவிடும். பாங்க் ஆஃப் அயர்லாந்து, ஏஐபி, பெர்மனண்ட் டிஎஸ்பி, ஆன் போஸ்ட் மணி என்று எங்கே கார்டு வாங்கினாலும் அதே 30 யூரோதான். ஆகவே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து திருப்பிக் கேட்பதில் பயனில்லை. ‘இது நான் செய்த செலவு இல்லை’ என்று மறுப்புப் படிவம் நிரப்புவதிலும் பயனில்லை.

உங்களுக்கு எரிச்சல் தந்த விஷயம் இதன் கணக்கு ஆண்டு. ஏப்ரல் 2இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 1இல் முடிகிறது. கடந்த பன்னிரண்டு மாதத்துக்கான வரியை அந்த ஏப்ரல் 1 அன்று கணக்கில் ஏற்றுவார்கள். இரண்டு மாதம்தான் கார்டு வைத்திருந்தேன் என்றால் இரண்டு மாதத்துக்கு மட்டும் பிரித்துக் கணக்கிடுவதில்லை, முழு 30 யூரோவும் உண்டு. வருடத்துக்கு நூறு யூரோ செலவழிப்பவருக்கும் பத்தாயிரம் செலவழிப்பவருக்கும் ஒரே தொகை என்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்போதுதான் வந்து வாடகை முன்பணம், ஐஆர்பி, பஸ் கட்டணம் என்று ஒவ்வொரு யூரோவாக எண்ணிக்கொண்டிருப்பவர்களைத்தான் இது அதிகம் உறுத்துகிறது. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வரப்போகும் நண்பர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: பிப்ரவரி, மார்ச்சில் வந்து இறங்கினால், கார் வாடகைக்கு எடுப்பது போன்ற அவசரத் தேவை இல்லாதவரை, ஏப்ரல் முதல் வாரம் தாண்டியபின் கிரெடிட் கார்டு கணக்கைத் தொடங்கட்டும். முதல் வரி அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் வரும். அதுவரை டெபிட் கார்டே தாராளமாகப் போதும்.

வரி கணக்குக்குத்தான், அட்டைக்கு இல்லை. உங்கள் மனைவி வந்தபின் அதே கணக்கில் அவருக்கு இன்னொரு அட்டை வாங்கினால் கூடுதலாக எதுவும் பிடிக்க மாட்டார்கள். வேறொரு வங்கியில் இரண்டாவது கணக்கு தொடங்கினால் அதற்கு இன்னொரு 30 யூரோ. கேஷ்பேக் சலுகை பார்த்து இரண்டாவது கார்டு வாங்குபவர்கள் அந்தச் சலுகையிலிருந்து முதலில் 30ஐக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

வங்கி மாற நினைத்தால் ஒரு வழி இருக்கிறது. பழைய கணக்கை மூடும்போது அந்த ஆண்டுக்கான 30 யூரோவை அப்போதே பிடித்துக்கொள்வார்கள். கூடவே, கணக்கு மூடப்பட்டது, வரி கட்டப்பட்டது என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதைப் புதிய வங்கியிடம் கொடுத்தால் வரும் ஏப்ரலில் அங்கே மறுபடியும் பிடிக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை வாங்காமல் விட்டு ஒரே ஆண்டில் இரண்டு தடவை கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. நம் ஆட்கள் நான்கைந்து வருடம் இங்கே இருந்துவிட்டு கனடாவுக்கோ ஊருக்கோ போகும்போது, கார்டில் பாக்கி பூஜ்யம்தானே என்று கணக்கை மூடாமல் போய்விடுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் 30 யூரோ ஏறுகிறது. கட்ட ஆள் இல்லை. சம்பளக் கணக்கை மூடியிருப்பதால், அதிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் டைரக்ட் டெபிட்டும் வேலை செய்யாது. கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். வட்டி, தாமதக் கட்டணம் என்று சேர்ந்து, அதன் மேல் அடுத்த ஏப்ரலும் வந்துவிடும். மத்திய வங்கி நடத்தும் சென்ட்ரல் கிரெடிட் ரெஜிஸ்டரில் 500 யூரோவும் அதற்கு மேலும் உள்ள கடன்கள் பதிவாகின்றன. கிரெடிட் கார்டும் அதில் அடக்கம். கட்டாமல் விட்ட தவணைகள் அங்கே தெரியும். கணக்கு முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் அந்தப் பதிவு இருக்கும். பிறகு என்றாவது அயர்லாந்துக்குத் திரும்பி வந்து வீட்டுக் கடன் கேட்டால், வங்கிக்காரர் கண்ணில் படுவது அதுதான். வெறும் 30 யூரோவில் ஆரம்பித்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கார்டு கணக்கை எழுத்து மூலம் மூடச் சொல்லி, கடைசி ஸ்டேட்மெண்டில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சம்பளக் கணக்கை மூட வேண்டும். உங்களைப் பற்றி அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று நீங்களே இலவசமாகக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டைரக்ட் டெபிட்டைக் குறைந்தபட்சத் தொகைக்கு வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உடனே அதை முழுத் தொகைக்கு மாற்றிவிடுங்கள். இந்த 30 யூரோவும் மற்றச் செலவுகளோடு பாக்கியில் சேர்ந்துவிடும். முழுவதும் கட்டாமல் இழுத்தால் வட்டி ஏறும். இங்கே கிரெடிட் கார்டு வட்டி சாதாரணமில்லை.

திருட்டோ என்ற உங்கள் சந்தேகம் தப்பில்லை, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் உண்மையான வரி ஸ்டேட்மெண்டில் ஒரு பதிவாக வரும், அவ்வளவுதான். ‘ஸ்டாம்ப் டியூட்டி பாக்கி, இந்த இணைப்பைத் தட்டிக் கட்டுங்கள்’ என்று வங்கி பெயரிலோ ரெவென்யூ பெயரிலோ குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி. தட்டாமல் அழித்துவிடுங்கள்.

டெபிட் கார்டுக்கும் இப்படி ஒரு சின்ன வரி உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் 12 சென்ட். 2016இலிருந்து இந்த முறைதான். பணம் எடுக்கவும் கடையில் கட்டவும் உதவும் அட்டைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 5 யூரோ. கடையில் அட்டையைத் தட்டிக் கட்டுவதற்கு வரி இல்லை. டிசம்பர் 31 வரை கணக்கிட்டு, புத்தாண்டு பிறந்ததும் மொத்தமாகப் பிடிப்பார்கள். வரும் ஜனவரியில் சம்பளக் கணக்கில் இரண்டு மூன்று யூரோ அதே பெயரில் போயிருந்தால், அது இதுதான்.