நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதாதீர்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். இரண்டு மாதம் முன்புதான் நான் ஊக்குநர் (குழுவை நடத்திக் கணக்கு எழுதுபவர்) ஆனேன். மார்ச் மாதத் தவணை 500 ரூபாயும் வட்டி 30 ரூபாயும் கட்டியதாக ஓர் உறுப்பினர் சொல்கிறார். நோட்டில் வரவு இல்லை. அப்போது எழுதியவர் பழைய ஊக்குநர். "இவளும் இப்படித்தான் பண்ணுவா" என்று என் காதுபடப் பேசுகிறார்கள். எப்படி நம்பவைப்பது?

பதில்: "என்னை நம்புங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் சகோதரி, சந்தேகம் இரட்டிப்பாகும். முதலில் அந்த 530 ரூபாயைத் தேடுங்கள்.

அந்த உறுப்பினரின் தனிநபர் பாஸ்புக்கையும் மார்ச் மாத வங்கிச் செலானையும் கூட்டத்தில் எல்லார் முன்னும் எடுத்து வையுங்கள். தலா 200 ரூபாய் சேமிப்பு என்றால் 14 பேருக்கு 2,800. நோட்டில் ஏறிய தவணை 1,500, வட்டி 120 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,420. செலானில் 4,950 இருந்தால் எழுத விட்டுப்போயிருக்கிறது, விஷயம் முடிந்தது. 4,420தான் என்றால் பணம் வங்கிக்குப் போகவில்லை என்பது மட்டுமே தெரியும். யார் தவறு என்று செலான் சொல்லாது. நீங்களும் சொல்லாதீர்கள். அந்த உறுப்பினர், பழைய ஊக்குநர் இருவரையும் வைத்துக் குழு முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதி, வந்திருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போடட்டும்.

சண்டை வேண்டாம் என்று 530 ரூபாயைச் சொந்தக் காசில் சத்தமில்லாமல் போட்டுவிடத் தோன்றும். நல்ல மனசுதான், ஆனால் கணக்குக்கு விஷம். நாளை நோட்டில் உள்ள கணக்கைவிடக் காசு அதிகமாக இருப்பதைப் பார்த்தால் "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி உங்கள் மேலேயே திரும்பும்.

இந்த மாதிரிச் சிக்கல் பெரும்பாலும் ஒரே பழக்கத்தில் பிறக்கிறது: காசைக் கூட்டத்தில் வாங்கிக்கொண்டு, நோட்டை வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. இனி ஒருவர் காசை நீட்டினால், சத்தமாக எண்ணுங்கள். அவர் எழுந்து போவதற்குள் அவர் பாஸ்புக்கிலும் பேரேட்டிலும் வரவு ஏறட்டும். எழுதுவது ஒருவர், காசு எண்ணுவது இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடைசியில் மொத்தத்தை வாசியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் ரசீது. அடித்துத் திருத்த நேர்ந்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒயிட்னர் கூடவே கூடாது. மறுநாள் வங்கி திறந்ததும் காசைக் கட்டி, அடுத்த கூட்டத்தில் செலானைக் காட்டுங்கள்.

வட்டியையும் ஒருமுறை சரிபாருங்கள். 5,000 ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் 50. அசலில் 500 அடைந்த பிறகு 45தான் வரவேண்டும். கடைசி வரை 50 வாங்கிக்கொண்டிருந்தால், முணுமுணுப்புக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

வங்கிக்குப் போக நேரமில்லை என்று, குழுவின் காசோலையில் கையெழுத்திடும் பிரதிநிதி வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். உங்களுக்கே கடன் வேண்டுமென்றால் மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காருங்கள். பேசி முடித்ததும் கூப்பிடுவார்கள்.